செக் என்ஜின் விளக்கு, பி0420: கன்வர்ட்டரையே மாற்ற வேண்டுமா?

டோல்கேட்காரன்
வெள்ளி, இரவு 10:12

வணக்கம். 2013 அக்டோபர் மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 96,400 கி.மீ. ஓடியிருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி, இப்போது என் கையில். மூன்று வாரமாக செக் என்ஜின் விளக்கு அணையாமல் எரிகிறது. ஓட்டத்தில் பெரிய குறை இல்லை. ஆனால் 16 கொடுத்த மைலேஜ் 13-க்கு வந்துவிட்டது.

ஒர்க்ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிய பையன் இரண்டே நிமிடத்தில் "கன்வர்ட்டர் போச்சு சார்" என்றான். சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைத்தான் சொல்கிறான். வேலைக் கூலியோடு 41,000 ரூபாய் எஸ்டிமேட். பழைய கன்வர்ட்டரை அவர்களே வைத்துக்கொள்வார்களாம். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

நண்பனிடம் புளூடூத் ஓ.பி.டி. டாங்கிள் (வண்டியின் பழுதுக் கோட்களைப் போனில் காட்டும் கருவி) ஒன்று இரவல் வாங்கிச் சோதித்தேன். பி0420 என்ற கோட் மட்டும்தான் வருகிறது. புகைச் சான்று இந்த மாதம் 22-ஆம் தேதியோடு முடிகிறது. சாக்கெட் செட், ஜாக்கி, மல்டிமீட்டர் இருக்கின்றன. பிரேக் பேட் நானே மாற்றியிருக்கிறேன். வீட்டிலேயே எதுவரை பார்க்கலாம்?


பெட்ரோமாக்ஸ்_புளியந்தோப்பு
வெள்ளி, இரவு 10:31

கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கு ஒரு ஸ்பேசர் (சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி வைக்கும் துண்டு) போடு தலைவா. 300 ரூபாய். விளக்கு அணைந்துவிடும், கதை முடிந்தது.


காசிமேடு_கட்டுமரம்
வெள்ளி, இரவு 10:40

அதற்கு ஏன் 300? விளக்கு மேல கறுப்பு டேப் ஒட்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி விடும் புகையை விடவா உன் வண்டி விடப்போகிறது?


ஸ்பேனர்_மாமா
சனி, காலை 6:05

தம்பி டோல்கேட், அந்த இரண்டு பேர் பேச்சையும் இப்போதைக்கு விடுங்கள்.

முப்பத்தோரு வருஷம் பானட்டுக்குக் கீழே தலையை விட்டவன் சொல்கிறேன். கோட் என்பது புகார் மனு மாதிரி. மனு கொடுத்தவன் யார், எங்கே நின்று பார்த்தான் என்று விசாரிக்க வேண்டும். பி0420-க்கு நேரடி அர்த்தம், "கன்வர்ட்டர் வேலை செய்யும் அளவு குறைந்த மாதிரி எனக்குத் தெரிகிறது" என்பது. தெரிகிறது என்று சொல்வது பின் சென்சார். அதற்குத் தப்பாகத் தெரிந்தால்?

கன்வர்ட்டர் தானாகச் சாவது அபூர்வம். யாராவது கொல்ல வேண்டும். ஸ்பார்க் சரியில்லாமல் எரியாத பெட்ரோல் உள்ளே போய் அங்கே எரிந்தால், உள்ளிருக்கும் தேன்கூடு உருகிவிடும். ஆயில் எரிகிற என்ஜின் என்றால் சாம்பல் படிந்து மூடும். இவை எதுவும் உங்கள் வண்டியில் இல்லை என்றால் 41,000-ஐ எடுத்து வைக்க அவசரம் வேண்டாம்.

முதலில் எனக்கு நான்கு விஷயம் சொல்லுங்கள். ஆயில் குறைகிறதா? பிளக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் "டிக் டிக் டிக்" என்று ஒரு சத்தம் வந்து, சூடானதும் மறைகிறதா? இதற்கு முன் யாராவது சைலன்சர் பக்கம் கை வைத்தார்களா?


மணலி_மீட்டர்
சனி, காலை 9:22

மாமா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆலையில் எனக்கு இன்ஸ்ட்ருமென்ட் வேலை, பாய்லர் புகையில் ஆக்ஸிஜன் அளப்பது தினப்படி. கார் சென்சாரும் அதே சிர்கோனியா ஜாதிதான்.

கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சென்சார் இருக்கும். முன்னால் இருப்பது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து ஓட்டுவதால் அப்படி. கன்வர்ட்டர் உள்ளே ஆக்ஸிஜனைச் சேமித்து, தேவைப்படும்போது விடும் பூச்சு இருக்கிறது. அது நன்றாக இருந்தால் பின் சென்சாருக்கு அந்த ஏற்ற இறக்கம் தெரியாது. 0.6, 0.7 பக்கம் அமைதியாக நிற்கும். பின் சென்சாரும் முன் சென்சாரைப் போலவே ஆட ஆரம்பித்தால் ஈ.சி.யூ. பி0420 எழுதிவிடும்.

இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. முன் சென்சார் சோம்பேறியாகிவிட்டால் அலை மெதுவாக, நீளமாக அடிக்கும். ஒவ்வொரு அலையிலும் வரும் ஆக்ஸிஜன், நல்ல கன்வர்ட்டரே தாங்கும் அளவைத் தாண்டிப் போகும். அப்போது பின் சென்சார் ஆடுவதில் ஆச்சரியமில்லை. பழி மட்டும் கன்வர்ட்டர் மேல் விழும்.

நீங்கள் செய்ய வேண்டியது: வண்டியை 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். நிறுத்தி, 2500 ஆர்.பி.எம். இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டு இரண்டு சென்சார் வோல்ட்டையும் கிராஃபாகப் பதிவு செய்யுங்கள். ஆப்பில் அந்த இரண்டைத் தவிர வேறு எதையும் திறக்காதீர்கள். மலிவு டாங்கிள் வினாடிக்குச் சில அளவுகள்தான் எடுக்கும். ஒன்பது மீட்டரைத் திறந்து வைத்தால் ஓட்டப்பந்தயக்காரன்கூடச் சோம்பேறியாகத் தெரிவான். அப்புறம் தனியாக ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃபியூவல் ட்ரிம் (ஈ.சி.யூ. பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) இரண்டையும் ஸ்லோவில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல், ஒரு தடவை, 2500-இல் ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள்.


டோல்கேட்காரன்
ஞாயிறு, மதியம் 1:48

மாமாவுக்குப் பதில்: ஆயில் குறைவதில்லை. பிளக் போன வருஷம் மாற்றியது. சத்தம் வருகிறது! டேப்பெட் சத்தம் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். சைலன்சர் பக்கம் இரண்டு வருஷம் முன் ஒருவர் கை வைத்தார். மிக்ஜாம் புயலில், 2023 டிசம்பரில், எங்கள் தெருவில் இரண்டு நாள் சக்கர மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு சைலன்சர் சத்தம் என்று காட்டினேன், ஏதோ பூசி அடைத்துக் கொடுத்தார்.

மணலி அக்காவுக்கு: நான் ஒன்பது மீட்டர் அல்ல, பதினொன்று திறந்து வைத்திருந்தேன். இப்போது இரண்டு மட்டும் வைத்துப் பார்த்தேன். முன் சென்சார் 0.2-க்கும் 0.75-க்கும் இடையே ஆடுகிறது, ஆனால் ஒரு முறை ஏறி இறங்க மூன்று வினாடிக்கு மேல் ஆகிறது. பின் சென்சார் 0.3 முதல் 0.7 வரை அதன் பின்னாலேயே போகிறது.

லாங் டெர்ம் ட்ரிம் ஸ்லோவில் +16%, 2500-இல் +5%. ஷார்ட் டெர்ம் பூஜ்ஜியத்தைச் சுற்றி.


பெட்ரோமாக்ஸ்_புளியந்தோப்பு
ஞாயிறு, மதியம் 2:03

ஸ்லோவில் அதிகம், ரேஸ் கொடுத்தால் குறைவு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வேக்கம் லீக், காற்று உள்ளே போகும் வழியில் ஓட்டை. இன்டேக் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்று.


ஸ்பேனர்_மாமா
ஞாயிறு, மாலை 4:30

பெட்ரோமாக்ஸ் தம்பி புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறார். புத்தகம் தப்பில்லை, வண்டி வேறு.

காற்றை அளக்க இரண்டு வழி உண்டு. ஏர் ஃபில்டருக்கு அடுத்து எம்.ஏ.எஃப். சென்சார் வைத்து, போகிற காற்றை நேரடியாக எடைபோடுவது ஒன்று. இந்த வகையில் ஹோஸ் வெடித்தால், அளக்காத காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும், ட்ரிம் ஸ்லோவில் ஏறும். சரி. ஆனால் நம்மூர் சின்ன பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் இருப்பது மேப் சென்சார். மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றைக் கணக்குப் போடும். அதில் ஹோஸ் லீக் ஆனால் அழுத்தம் ஏறும், ஈ.சி.யூ.வுக்கு அது தெரிந்துவிடும், பெட்ரோலும் கூட்டிக் கொடுக்கும். ட்ரிம் பெரிதாக நகராது. ஸ்லோ ஆர்.பி.எம்.தான் ஏறி நிற்கும்.

தம்பி, உங்கள் வண்டியில் ஏர் ஃபில்டர் டப்பாவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் வயர் செருகிய சென்சார் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேப் வகை. அப்படியென்றால் நான் இன்டேக் பக்கம் போகமாட்டேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் கன்வர்ட்டரும் சேரும் இடத்துப் பேக்கிங்தான் என் சந்தேகம். புகை ஒரே சீராகப் போவதில்லை, துடித்துத் துடித்துப் போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் அந்த விரிசல் வெளிக்காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று முன் சென்சார் மேல் பட்டால், "ஐயோ பெட்ரோல் போதவில்லை" என்று பொய்ச் செய்தி போகும். ஈ.சி.யூ. நம்பி 16% கூட்டிக் கொட்டும். ரேஸ் கொடுத்தால் உள்ளே புகையின் அளவு அதிகம், வெளிக்காற்றின் பங்கு சிறியது, ட்ரிம் இறங்கும். காலையில் டிக் டிக், சூடானால் இரும்பு விரிந்து மூடிக்கொள்ளும். எல்லாம் ஒரே இடத்தைக் காட்டுகிறது.

13 மைலேஜும் இதில் வந்துவிட்டது. டோல்கேட்டில் இருந்து ராயபுரம் போக எத்தனை நேரம் ஸ்லோவிலேயே நிற்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.


காசிமேடு_கட்டுமரம்
ஞாயிறு, மாலை 5:11

எல்லாம் எத்தனால் செய்யும் வேலை மாமா. இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு எல்லா வண்டியிலும் ட்ரிம் ஏறித்தான் கிடக்கிறது.


மணலி_மீட்டர்
ஞாயிறு, மாலை 6:40

ஓரளவு உண்மை, ஆனால் கணக்குப் போட்டுவிடலாம். சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று. இ10-க்குச் சுமார் 14.1. இ20-க்குச் சுமார் 13.5. இ10-இலிருந்து இ20-க்கு மாறினால் ட்ரிம் 4% பக்கம் ஏறும். அதுவும் ஸ்லோ, ரேஸ் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். இங்கே 2500-இல் இருக்கும் +5%-இல் எத்தனாலின் பங்கு இருக்கலாம். ஸ்லோவில் இருக்கும் 16-ஐ அதன் தலையில் கட்ட முடியாது.


எண்ணூர்_டீசல்
ஞாயிறு, இரவு 8:15

இழைக்குக் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 1.3 லிட்டர் டீசல், பி0401, இ.ஜி.ஆர்., அதாவது புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு, அதில் ஓட்டம் போதவில்லை என்கிறது. பிக்கப் செத்துவிட்டது. வால்வையே மாற்றச் சொல்கிறார்கள். கழுவினால் போதுமா?


ஸ்பேனர்_மாமா
ஞாயிறு, இரவு 9:02

பெரும்பாலும் போதும். வால்வைக் கழற்றி உள்ளே விரலை விட்டால் அடுப்புக்கரியில் ஆயில் ஊற்றிப் பிசைந்த மாதிரி ஒரு பசை வரும். கார்பரேட்டர் கிளீனர் அடித்து அரை மணி ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். இரும்புக் கம்பி வைத்துச் சுரண்ட வேண்டாம், வால்வு உட்காரும் இடம் கீறினால் அப்புறம் மூடாது. மோட்டார் இருக்கும் பக்கம் திரவம் இறங்காமல் தலைகீழாகப் பிடியுங்கள். வால்வு மட்டும் சுத்தமாக இருந்து, அது போய்ச் சேரும் மேனிஃபோல்ட் வழி அடைத்திருந்தால் பலனில்லை. டார்ச் அடித்துப் பாருங்கள். பேக்கிங் புதிதாகப் போடுங்கள், 100 ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: டீசல் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்டேக்கில் கிளீனர் அடிக்கவே கூடாது. அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ரேஸ் ஆகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

எண்ணூர் என்றால் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். நிலக்கரிச் சாம்பல் பறக்கும் ஊரில் புத்தகம் சொல்லும் கி.மீ. கணக்கு செல்லாது.


டோல்கேட்காரன்
திங்கள், இரவு 9:50

மாமா, கிடைத்துவிட்டது.

எம்.ஏ.எஃப். இல்லை, மேப் வகைதான். நீங்கள் சொன்ன இடத்தைச் சோதிக்க என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வாக்கம் கிளீனரை ஊதும் பக்கம் மாற்றி, துணி சுற்றி சைலன்சர் வாயில் செருகினேன். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி ஸ்பிரே பாட்டிலில் எடுத்து, மேலிருந்து ஒவ்வொரு ஜாயின்ட்டாக அடித்தேன். மேனிஃபோல்ட் பக்கம் ஒன்றுமில்லை. கன்வர்ட்டர் சேரும் இடத்தில், பின்பக்கம், கை போகாத மூலையில், நண்டு வாயில் நுரை தள்ளுவதுபோலப் பொங்குகிறது. அம்மா எட்டிப் பார்த்து "வண்டிக்குச் சளியா?" என்றார்கள்.

அந்த இடத்தில் சிவப்பாக ஒரு பசை பிதுங்கிக் காய்ந்து போயிருக்கிறது. நகத்தால் எடுத்தால் ரப்பர் மாதிரி வருகிறது. புயலுக்குப் பின் பூசியது இதுதான்போல.


மணலி_மீட்டர்
திங்கள், இரவு 10:25

சிவப்பு ரப்பர் என்றால் சிலிக்கோன் பசையாகத்தான் இருக்கும். அப்படியானால் உங்கள் முன் சென்சார் சோம்பேறியானதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சூட்டில் சிலிக்கோனிலிருந்து வரும் ஆவி சென்சார் நுனியில் மணல் மாதிரி படியும். வேதியியல்படி அது மணலேதான். நுனியின் மூச்சை அடைத்துவிடும். கழற்றும்போது நுனியைப் பாருங்கள்: வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் சிலிக்கோன். கறுப்பாகக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெளிர் சாம்பல் அல்லது பழுப்பு என்றால் சென்சார் நலம்.

கழற்றும் முன் இன்னொரு சோதனை. சூடான என்ஜினில் சட்டென்று ஒரு ரேஸ் கொடுத்து விடுங்கள். ஏறும்போது 0.8-க்கு மேல் துள்ள வேண்டும், காலை எடுத்ததும் 0.1-க்கு விழ வேண்டும். யோசித்து யோசித்துப் போனால் மாற்ற வேண்டியதுதான். ஹீட்டரையும் அளந்துவிடுங்கள். நான்கு வயரில் ஒரே நிறத்தில் இரண்டு, பெரும்பாலும் வெள்ளை, ஹீட்டருக்கு. பிளக்கைக் கழற்றி ஓம் வைத்தால் சாதாரணமாக 3 முதல் 15 ஓமுக்குள் வரும். ஹீட்டர் போயிருந்தால் அதற்குத் தனிக் கோட் வந்திருக்கும், ஆனாலும் அளப்பதில் நஷ்டமில்லை.

புதுசு வாங்கினால் கனெக்டர் பொருந்துவதையே வாங்குங்கள். வயரை வெட்டி ஒட்டும் ரகம் வேண்டாம். இந்த சென்சார்களில் பல, ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்றை வயர் இழைகளுக்கு நடுவிலிருந்துதான் எடுக்கின்றன. சால்டர் வைத்தோ, கனெக்டரில் கிரீஸ் அடைத்தோ மூக்கைப் பொத்திவிடக் கூடாது.


பெட்ரோமாக்ஸ்_புளியந்தோப்பு
திங்கள், இரவு 10:44

சரி, வேக்கம் லீக் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் ஸ்பேசர் யோசனை இன்னும் செல்லும். இல்லையென்றால் கன்வர்ட்டரைக் குடைந்து காலி செய்துவிடலாம், பிக்கப் பறக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் அதைப் புளித் தண்ணீரில் ஊறவைத்தும் பார்த்திருக்கிறார்.


ஸ்பேனர்_மாமா
திங்கள், இரவு 10:58

புளி போட்டுத் தேய்க்க அது என்ன பித்தளைச் செம்பா?


புகை_டெஸ்ட்
செவ்வாய், காலை 7:30

சோதனை மையத்தில் வேலை செய்கிறேன், அதனால் பேசலாம் என்று நினைக்கிறேன்.

சென்னை உட்பட 13 நகரங்களில் பி.எஸ்.4 புகை விதி 2010 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. அதனால் இந்த 2013 வண்டிக்கு பி.எஸ்.4 அளவுதான். ஸ்லோவில் சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 0.3%, ஹெச்.சி. (எரியாத பெட்ரோல்) 200 பி.பி.எம். வரை. 2500 ஆர்.பி.எம்.மில் சி.ஓ. 0.2%, லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம், சரியாக இருந்தால் 1) 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில். எண்ணூர் அண்ணனுக்கு: பி.எஸ்.4 டீசலுக்குப் புகை அடர்த்தி, ஹெச்.எஸ்.யூ. என்ற புகை அலகில், 50 வரை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் மெஷின் சைலன்சர் வாயை மட்டும்தான் மோந்து பார்க்கும். ஓ.பி.டி.யில் எதையும் செருகமாட்டோம். விளக்கு எரிந்துகொண்டே வந்து பாஸ் ஆகிப் போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். டோல்கேட் அண்ணன் வண்டியும் இப்படியே வந்தால் பாஸ் ஆகக்கூடும், ஏனென்றால் கூடுதல் பெட்ரோலையும் திருட்டுக் காற்றையும் கன்வர்ட்டர் சேர்த்து எரித்துச் சமாளிக்கிறது. பாஸ் ஆவதும் வண்டி நலமாக இருப்பதும் ஒன்றல்ல.

ஆனால் கன்வர்ட்டரைக் குடைந்த வண்டி எங்கள் மெஷினில் வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் 190(2) பிரிவில் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும், மூன்று மாதச் சிறையும் சட்டத்தில் இருக்கிறது. அதோடு, காலி செய்து கொடுப்பவர் உள்ளிருந்து எடுக்கும் கல்லில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது. அதைக் காசாக்கிக்கொண்டு உங்களிடம் கூலியும் வாங்குவார்.


காசிமேடு_கட்டுமரம்
செவ்வாய், காலை 8:02

அதனால்தான் பழையதை "நாங்களே வைத்துக்கொள்கிறோம்" என்றார்களா! டோல்கேட், உன் மூக்குக்கு ஒரு சலாம்.

ஆனால் லாரி கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.


மணலி_மீட்டர்
செவ்வாய், காலை 8:20

லாரிக்குப் பதில் என்னிடம் இல்லை. என் பையன் பள்ளிக்கூடம் போகும் வழியில் சிக்னலில் நிற்பது லாரிகள் மட்டுமல்ல, நம் வண்டிகளும்தான்.


ஸ்பேனர்_மாமா
செவ்வாய், இரவு 9:15

வேலைக்கு வருவோம். தம்பி, ஞாயிற்றுக்கிழமை செய்வதென்றால் சனிக்கிழமை இரவே ஆரம்பியுங்கள். கடல் காற்று, புயல் தண்ணீர் இரண்டும் பார்த்த நட்டு அது. மூன்று தடவை, இடைவெளி விட்டு, டபிள்யூடி-40 அடித்து ஊறவிடுங்கள். கழற்றும்போது முதலில் ஒரு மயிரிழை இறுக்கிப் பாருங்கள், துரு உடையும், பிறகு தளர்த்துங்கள். வராவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம், சுற்றி வந்து மறுபடி.

சென்சாருக்கு 22 மில்லிமீட்டர், பக்கவாட்டில் வயர் போக வெட்டு விட்ட சாக்கெட் வேண்டும். பாரிமுனைப் பக்கம் டூல்ஸ் கடைகளில் கிடைக்கும். என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது சென்சார் சுலபமாக வரும், தொட்டால் சுடும் அளவுக்கு அல்ல.

கீழே படுப்பதானால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கி இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கவும் கூடாது.


டோல்கேட்காரன்
ஞாயிறு, இரவு 11:20

இன்றைய கதையை முழுதாக எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

எங்கள் தெருவில் ஆட்டோ நிற்கவே இடமில்லை. கொருக்குப்பேட்டையில் என் சொந்த மாமா வீட்டு வாசலில், காலை 6 மணிக்கே, தெரு எழுந்திருப்பதற்குள் வண்டியை ஓரம்கட்டி வேலையைத் தொடங்கினேன். பேட்டரி நெகட்டிவ் கழற்றி, மேலே இருந்த வெப்பத் தகட்டின் நான்கு போல்ட்டையும் எடுத்தேன். அதில் ஒன்று தலையே உருண்டு போயிருந்தது, 10-ஆம் நம்பர் சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றி எடுத்தேன்.

சென்சார் மூன்றாவது இழுப்பில் "கிர்ரக்" என்று விட்டது. நுனியில் வெள்ளைப் பொடி, கோலமாவு தொட்ட விரல் மாதிரி. மணலி அக்கா, நீங்கள் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. ரேஸ் சோதனையிலும் 0.8 தொட இரண்டு வினாடிக்கு மேல் எடுத்தது. ஹீட்டர் 6 ஓம், அதில் குறையில்லை.

சென்சார் ஓட்டை திறந்திருக்கும்போதே செல்போனில் செருகும் சின்னக் கேமராவை உள்ளே விட்டேன். தேன்கூடு முழுசாக இருக்கிறது. உருகல் இல்லை, உடைசல் இல்லை, கட்டம் கட்டமாக, புது சல்லடை மாதிரி. 41,000 ரூபாய்க்குக் குப்பையில் போட இருந்தது இதைத்தான்.

அப்புறம் வந்தது சோதனை. மூன்று நட்டில் இரண்டு மரியாதையாக வந்தன. மூன்றாவது, அதே கை போகாத மூலை, கொஞ்சம் சுற்றியது, மெத்தென்று ஆனது. ஒரு விநாடி வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். நட்டு ஏறும் மரைத்தண்டான ஸ்டட் பாதியில் முறுக்கி உடைந்து நட்டோடு கையில் வந்துவிட்டது. உடைந்த இடத்தில் பாதி கறுப்புத் துரு, நடுவில் மட்டும் பளபளவென்று புது இரும்பு. அந்த மெலிந்த நடுப்பகுதிதான் இத்தனை நாளும் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

பேசின் பிரிட்ஜ் பக்கம் தெரிந்த வெல்டர் ஒருவரை என் மாமா கூட்டிவந்தார். அவர் உடைந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு அடித்தார். சிவந்திருக்கும்போது தொடவில்லை. பீடி ஒன்று குடித்து முடித்து, நிறம் அடங்கியதும் ஸ்பேனர் வைத்தார். வெண்ணெய் மாதிரி சுற்றி வந்தது. சூடும் குளிர்ச்சியும் துருவை உடைத்துவிடும் என்றார். 300 ரூபாய் வாங்கிக்கொண்டார், டீயும் குடித்தார். ஈ.சி.யூ. கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டு அடித்தார், நானாக இருந்தால் மறந்திருப்பேன்.

சிவப்புப் பசையை உப்புத்தாள் வைத்துச் சுத்தமாக எடுத்து, புதுப் பேக்கிங், மூன்று புது ஸ்டட், செம்பு நட்டு. பசை ஒரு துளியும் இல்லை. சென்சார் மரையில் ஏற்கெனவே சாம்பல் நிறப் பசை தடவியே வந்தது, நுனியில் படாமல் கையால் ஏற்றி, பிறகுதான் சாக்கெட் வைத்தேன். சென்சார் 3,900, பேக்கிங் 340, ஸ்டட், நட்டு 180, வெல்டர் 300, சாக்கெட் 650. காலை 6 மணிக்கு ஆரம்பித்தது, மாலை 4.


பெட்ரோமாக்ஸ்_புளியந்தோப்பு
திங்கள், காலை 7:15

பத்து மணி நேரமா! ஆனாலும் தலைவா, பெரிய வேலை. ஸ்பேசர் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.


எண்ணூர்_டீசல்
திங்கள், காலை 9:40

மாமாவுக்கு நன்றி. இ.ஜி.ஆர். கழுவியதும் ஒன்றும் மாறவில்லை. மேனிஃபோல்ட் வழியில் டார்ச் அடித்தால் சுண்டுவிரல்கூடப் போகாத அளவு கரி. அதையும் எடுத்தபின் பிக்கப் திரும்பிவிட்டது. ஏர் ஃபில்டரைத் தட்டியபோது விழுந்த சாம்பலில் என் மனைவி பாத்திரமே தேய்த்திருக்கலாம்.


ஸ்பேனர்_மாமா
திங்கள், காலை 10:05

டோல்கேட் தம்பி, கோட்-ஐ அழித்ததோடு விடாதீர்கள். அழித்தால் ஈ.சி.யூ. தன் சோதனைகளை முதலிலிருந்து செய்யும். குளிர்ந்த என்ஜினில் ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஸ்லோ, பிறகு மாதவரம் தாண்டி நல்ல ரோட்டில் ஒரே வேகத்தில் 15, 20 நிமிடம். இரண்டு மூன்று நாள் இப்படி. ஆப்பில் "கேட்டலிஸ்ட் மானிட்டர்", அதாவது கன்வர்ட்டர் சோதனை, முடிந்தது என்று காட்டிய பிறகும் விளக்கு வராவிட்டால்தான் நிம்மதி.


டோல்கேட்காரன்
வெள்ளி, இரவு 8:35

மூன்று நாள் காலையில் மூலக்கடை, மாதவரம், செங்குன்றம் வரை போய் வந்தேன். மானிட்டர் முடிந்தது. விளக்கு வரவில்லை.

முன் சென்சார் இப்போது வினாடிக்கு ஒரு முறைக்கு மேல் ஆடுகிறது. பின் சென்சார் 0.68-இல் அசையாமல் நிற்கிறது. லாங் டெர்ம் ட்ரிம் ஸ்லோவில் +4, 2500-இல் +4. இந்த நான்கைக் காசிமேடு அண்ணனின் எத்தனாலுக்கே எழுதி வைக்கிறேன்.

இன்று மாலை புகைச் சான்றும் எடுத்தேன். ஸ்லோவில் சி.ஓ. 0.04, ஹெச்.சி. 38. ரேஸில் சி.ஓ. 0.02, லாம்டா 1.01. காலை டிக் டிக் சத்தம் இல்லாததால் அம்மா, "சளி போயிடுச்சா?" என்று கேட்டார்கள்.


காசிமேடு_கட்டுமரம்
வெள்ளி, இரவு 9:10

என் வண்டியிலும் ஒரு மாதமாக ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. டேப் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். அந்த டாங்கிளும் 22 சாக்கெட்டும் ஞாயிற்றுக்கிழமை கிடைக்குமா? வஞ்சிரம் நான் கொண்டுவருகிறேன்.


டோல்கேட்காரன்
வெள்ளி, இரவு 9:13

சாக்கெட் என்னுடையது, எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே. டாங்கிள் நண்பனுடையது, அவனுக்கும் ஒரு துண்டு மீன் வேண்டும்.